சந்தில் போட்ட கூரை

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் பாய்லர் என்றால் கொல்லையில் நிற்கும் செம்புப் பாய்லர்தான். நடுக்குழலில் தேங்காய் மட்டையும் கொட்டாங்குச்சியும் போட்டுப் பற்றவைத்தால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகிவிடும். காற்று திரும்பிப் புகை வீட்டுப் பக்கம் வந்தால் அம்மா ஓடிப்போய்க் கதவைச் சாத்துவார். புகை எங்கே போகிறது என்று கண் எரிச்சலே சொல்லிவிடும்.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் வாங்கிய வீட்டில் பாய்லர் சமையலறைச் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டி. குழாயில் வரும் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கும் அது ஒன்றுதான். உள்ளே கேஸ் எரியும்; எரிந்த வாயு வெளியேற அதிலிருந்து ஒரு குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குப் போகும். இங்கே ஃப்ளூ என்பார்கள்.

பழைய வரிசை வீடுகளில் சமையலறைக்கும் அடுத்த வீட்டு மதிலுக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கும். லண்டன் மழையில் துணி காயப்போட இடமில்லாமல் தவித்த எனக்கு அந்தச் சந்துதான் கண்ணில் பட்டது. ஆகஸ்டில் ஒரு தச்சரை வைத்து மேலே பிளாஸ்டிக் தகடு போட்டோம். காற்று அடிக்கிறதே என்று கடைசியில் ஒரு கதவும் வைத்தோம். கொடி கட்டியாயிற்று. ஃப்ளூவின் வாய் அந்தக் கூரைக்குக் கீழேதான் இருந்தது. அப்போது எங்கள் யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

அக்டோபரில் குளிர் தொடங்கி ஹீட்டிங் போட ஆரம்பித்த பிறகு சாயந்திரம் சமைக்கும்போதெல்லாம் தலைவலி வந்தது. மகளும் வீட்டுப்பாடம் எழுதும்போது வயிற்றைப் புரட்டுகிறது என்பாள். வேலைக்குப் போனால் எனக்குச் சரியாகிவிடும். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன். தகட்டின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி முத்து முத்தாகத் தொங்கியது. கொடியில் துணி காய்வதற்குப் பதில் இன்னும் ஈரமானது. அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தீபாவளி அன்று விடியற்காலை எல்லோரும் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். என் கணவர் முதலில் குளிக்கப் போனார், அடுத்து மாமியார். பாய்லர் நிற்காமல் ஓடியது. சமையலறை ஜன்னலைப் பலகாரம் சுடும் ஆவி போகட்டும் என்று நான்தான் சந்துப் பக்கம் திறந்து வைத்திருந்தேன். திடீரென்று அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் கத்த ஆரம்பித்தது. இருபது பவுண்டுக்கும் குறைவான சின்னப் பெட்டி அது. வீடு மாறிய வாரம் என் கணவர் வாங்கி மாட்டியது.

சத்தம் கேட்டு மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்து அக்கா கூப்பிட்டார். "பிள்ளை, கேஸைப் பூட்டிப்போட்டு எல்லாரும் வெளியில வாங்கோ! ஒண்டையும் எடுக்க வேண்டாம்." எண்ணெய்த் தலையோடு அவர் வீட்டுக்குப் போனோம். 0800 111 999 என்ற எண்ணைத் தட்டிக் கொடுத்தவரும் அவர்தான். இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கும் கேஸ் அவசர எண் அது, கட்டணம் கிடையாது. வந்தவர் கேஸை அடைத்து, பாய்லரைத் தொடக்கூடாது என்று சீட்டு மாட்டிவிட்டுப் போனார். ஆபத்தை நிறுத்துவதுதான் அவர்கள் வேலை. சரிசெய்ய நாம்தான் ஆள் தேட வேண்டும்.

அக்கா "கோர்கிக்காரரைப் பாருங்கோ" என்றார். கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேட்டுக்கு அது பழைய பெயர். 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப் பதிவேடுதான். அதில் பெயர் இல்லாதவர் இங்கே பாய்லரைத் தொடுவது சட்டப்படி குற்றம். வருகிறவரிடம் அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தையும் பாருங்கள். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் போட்டிருக்கும்.

அப்படி வந்த பொறியாளர் சொல்லித்தான் விஷயம் எனக்கு விளங்கியது. ஃப்ளூ என்பது ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய். உள்குழாய் வழியே கழிவு வாயு வெளியே போகும். வெளிக்குழாய் வழியே எரிவதற்கான காற்று உள்ளே வரும். சந்துக்கு நாங்கள் கூரையும் கதவும் போட்டதும் பாய்லர் தான் விட்ட வாயுவையே திரும்ப இழுத்திருக்கிறது. பிராணவாயு குறையக் குறையக் கேஸ் முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு கூடும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மிச்சம் நான் திறந்து வைத்த ஜன்னல் வழியே என் பிள்ளை படிக்கிற மேசைக்கு வந்திருக்கிறது. இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

கூரையை அன்றைக்கே பிரித்தோம். பாய்லரும் பழசு என்பதால் புதிதாக எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. மாடி அலமாரிக்குள் வைக்கலாமே என்றேன். அங்கிருந்து குழாய் சீலிங்குக்குள் மறைந்து ஓட வேண்டும், இணைப்புகளைப் பார்க்கத் திறப்பு வைக்க வேண்டும், எனவே வேண்டாம் என்றார் பொறியாளர். கடைசியில் தோட்டத்தைப் பார்த்த பின்சுவரைத் தேர்ந்தெடுத்தார். டேப்பை நீட்டி ஒவ்வொன்றாக அளந்தார்: திறக்கிற ஜன்னல், கதவு, காற்றுத் துளையிலிருந்து குறைந்தது 300 மி.மீ., எதிரே சுவர் இருந்தால் 600 மி.மீ., எதிரெதிராக இரண்டு ஃப்ளூ இருந்தால் 1200 மி.மீ. இவற்றோடு பாய்லர் செய்தவர்களின் கையேடு சொல்வதையும் பார்க்க வேண்டும். வாய் ஆள் உயரத்தில் வந்தால் கம்பிக்கூண்டு மாட்ட வேண்டும். குளிர்காலத்தில் வெள்ளையாக ஆவி வரும், அது அக்கா வீட்டுப் பக்கம் போகாதா என்று அவரைக் கூப்பிட்டே காட்டினோம்.

அந்தச் சுவரில் இருந்த என் மசாலா டப்பா அலமாரி போய்விட்டது. ஆனால் ஒரு நல்லதும் நடந்தது. இப்போதைய பாய்லர்கள் வாயுவிலிருந்து தண்ணீரைப் பிரித்து வடிக்கும். அந்தக் குழாய் வெளியே ஓடினால் கடுங்குளிரில் உறைந்து பாய்லர் நின்றுவிடும். எங்களுடையது இப்போது உள்ளேயே சிங்க் குழாயில் சேர்கிறது. ஃப்ளூவையும் பாய்லர் பக்கம் லேசாகச் சரித்தே வைத்தார், உள்ளே திரளும் நீர் திரும்பி வடிவதற்காக.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள். வீட்டுக்காரர் ஆண்டுக்கொரு முறை கேஸ் சோதனை செய்து அந்தச் சான்றிதழை உங்களிடம் தர வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் அலாரம் வைப்பதும் இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து அவர் கடமை. கேட்கத் தயங்காதீர்கள், அதற்காக யாரும் உங்களைத் தவறாக நினைக்க முடியாது.

போன மாதம் இல்ஃபோர்டில் புதுசாகக் குடிவந்த ஒரு மதுரைக் குடும்பம் வீடு பார்க்கக் கூப்பிட்டது. காபி குடிப்பதற்கு முன்பே பின்பக்கம் போனேன். ஃப்ளூவின் வாய்க்கு முன்னால், ஒரு கையளவு இடைவெளியில், முந்தைய குடியினர் விட்டுப்போன மரக்கொட்டகை நின்றது. அண்ணனும் தம்பியுமாக அந்த ஞாயிற்றுக்கிழமையே அதைப் பிரித்துத் தோட்டத்தின் கோடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.