ஐயா கேட்ட 15 அடி

நம் பள்ளி ஆசிரியர் ஐயா காலமான செய்தி நம் வாட்சாப் குழுவுக்கு வந்த அன்று, இரங்கல் வரிகளுக்கு நடுவே பெர்த்திலிருந்து ஒருவர் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "கையைப் பாரு." லண்டனில் இருப்பவருக்கும் மெல்பர்னில் இருப்பவருக்கும் அதற்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. திங்கட்கிழமை மூன்றாம் பாடம், மழை வந்தால் தகரக்கூரை இரைச்சலில் ஒன்றும் கேட்காத அந்தக் கடைசி வகுப்பறை, சனிக்கிழமை இரவு திடலில் போட்ட படம். எல்லாம் அந்த இரண்டு சொல்லில் வந்துவிட்டன. ஐயாவின் குணத்தைப் பற்றி இந்த மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். அவர் படம் பார்த்த முறை வேறெங்கும் எழுத்தில் இல்லை என்பதால் அதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்தவை 16 மில்லிமீட்டர் பிரதிகள். 1,600 அடிச் சுருள் ஒன்று 44 நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நான்கு சுருள். சுருளின் தலையும் வாலும்தான் முதலில் கிழியும். படக்காரர் கிழிந்த துண்டை வெட்டிவிட்டு, ஓரத்தைச் சுரண்டிப் பசை தடவி ஒட்டுவார். பல திடல் சுற்றி நம்மிடம் வருவதற்குள் சுருள் மாறும் இடத்தில் கதையில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். திங்கட்கிழமை ஐயாவின் முதல் கேள்வி அங்கேதான் தொடங்கும்: அறுந்த இடத்தில் என்ன நடந்திருக்கும்? கடைசியாகப் பார்த்த ஷாட்டில் யார் எந்தப் பக்கம் திரும்பினார், அடுத்ததில் யார் எங்கே நிற்கிறார் என்பதை வைத்து இடைவெளியை நாம் நிரப்ப வேண்டும். படத்தொகுப்பைப் பற்றிப் பின்னாளில் படித்த எந்தப் புத்தகமும் அந்தப் பயிற்சிக்கு ஈடாகவில்லை.

திரைத் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பவர்களை அவர் விடமாட்டார். பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலமாகிவிடும். கதை மாறாதே என்று நாம் நினைத்தோம். அரசாங்க வண்டியில் வந்த செய்திப்படம் ஒன்றில் ரப்பர் மரம் சீவும் காட்சி, அதாவது பாலுக்காகப் பட்டையை வெட்டும் காட்சி, வந்த பிறகுதான் புரிந்தது. பின்னால் இருந்தவர்களுக்கு வெட்டுக்கோடு வலமேலிருந்து இடக்கீழாக இறங்கியது. நம் அம்மாமார் ஒருவர்கூட அப்படிச் சீவியதில்லை. பட்டைக்குள் பால் குழாய்கள் நேராக நிற்காமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இடமேலிருந்து வலக்கீழாகச் சீவினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். மாற்றிச் சீவினால் பால் பிடிக்கும் மங்கில் பால் குறையும். "வேல தெரிஞ்சவன் கண்ணு ஒண்ணு இருக்கு, அது உங்க கிட்ட ஏற்கெனவே இருக்கு" என்றார் ஐயா. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவர்களுக்கான புகுமுக வகுப்பில் பள்ளியின் மொழி தெரியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் அவர் இதைச் சொன்னார்.

அவருடைய விமர்சனம் முழுவதும் இதிலிருந்து வந்ததுதான். திரையில் ஒருவன் ஒரு வேலை செய்தால் அந்த வேலை அவன் கைக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். "கையைப் பாரு" என்றது அதைத்தான். 1968இல் வந்த தில்லானா மோகனாம்பாளை அவர் உச்சியில் வைத்ததற்குக் காரணம் காதலும் போட்டியும் இல்லை. ஒலிப்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம். சிவாஜி கணேசன் ஊதவில்லை. ஆனால் சீவாளியை உதட்டில் பொருத்துவதிலும், ஏழு துளைகளில் விரல் நகர்வதிலும், சொற்றொடர் முடியும் இடத்தில் கழுத்து நரம்பு தளர்ந்து மூச்சு திரும்புவதிலும் இசையை அவர் உடம்பு அறிந்திருக்கிறது. மூச்சு தவறான இடத்தில் எடுக்கப்பட்டால் நாகசுரக்காரர் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

முள்ளும் மலரும் படத்தை (1978) அவர் மூன்று வாரம் நடத்தினார். காளி மின்நிலையத்தில் விஞ்ச் என்ற இழுவை எந்திரத்தை இயக்குபவன். அவனுடைய திமிர், தங்கை மேல் உள்ள பாசம், எஞ்சினியர் மேல் உள்ள கோபம் எல்லாம் விசையைப் பிடிக்கும் கையில் இருக்கின்றன. பிறகு லாரி ஏறி அந்தக் கையே போய்விடுகிறது. மகேந்திரன் அங்கே நீண்ட வசனம் எழுதவில்லை. வெறும் சட்டைக்கை போதுமானதாக இருந்தது. பாலு மகேந்திரா ஒளியை முகத்தில் கொட்டாமல் இடத்தில் இருந்தபடியே விட்டதால் மலையும் ஆலையும் கதையின் சுவர்களாக நின்றன.

பராசக்தியில் (1952) மட்டும் ஐயாவோடு என்னால் உடன்பட முடிவதில்லை. நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் குறையாது, ஆகவே அது மேடைக்குரியது என்பார். கலைஞரின் அந்த வசனத்தைப் பேசுவதே ஒரு கைவேலைதான் என்று இன்று தோன்றுகிறது. நீளமான அடுக்குத் தொடரை எந்த இடத்தில் மூச்சு முறித்து, எந்த இடத்தில் முறிக்காமல் கொண்டுபோவது என்பது நாகசுரக்காரர் சிக்கலேதான். முதல் படத்திலேயே சிவாஜி என்ற இளைஞர் அதைத் தீர்த்தார். அந்த நாள் (1954) பற்றி மறுபேச்சே கிடையாது: பாட்டு இல்லை, நடனம் இல்லை, ஒரு கொலையைச் சுற்றிப் பலருடைய வாக்குமூலம். வகுப்பின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு சாட்சியைக் கொடுத்துச் சொல்லச் சொல்வார்.

வீடு (1988) ஐயாவின் கண்ணுக்கென்றே எடுத்தது போல இருக்கும். சம்பளக்காரப் பெண் ஒருத்தி மனையில் வீடு எழுப்புகிறாள்: கடன், காண்டிராக்டர், சிமெண்டு மூட்டை திருட்டு, பாதியில் நிற்கும் சுவர். எந்தப் படியும் தாண்டப்படவில்லை. அதனால்தான் சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா முடியாத வீட்டைத் தொட்டுப் பார்க்கும்போது அந்தச் சுவரின் விலை நமக்குத் தெரிகிறது.

இந்த நூற்றாண்டில் வந்தவற்றில் பரதேசியில் (2013) தேயிலைத் தோட்டத்தின் வலி இருக்கிறது, வேலை குறைவு. கபாலி (2016) நம் நாட்டுத் தமிழனுக்குக் கோட்டும் நிமிர்ந்த நடையும் கொடுத்தது, அதற்கு நன்றி உண்டு. தோட்டம் அதில் நினைவாகத்தான் வந்து போகிறது. ஜகாட் (2015) நம் பேச்சை நம் பேச்சாகவே வைத்தது. தோட்டம் கலைந்து ஆட்கள் சிதறிய காலத்தின் சேதத்தை ஒரு பையன் மூலம் காட்டி, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதையும் 2016இல் பெற்றது. 1960களின் ரப்பர் தோட்டத்தைச் சொல்லும் செம்மண் சாலை (2005) அதற்கு முன்பே அமைதியாக வழி போட்டிருந்தது.

ஆனால் ஐயாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் மேலே நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலைதான் (2018). ஏலக்காய் மூட்டையோடு மலையிறங்கும் நடையில் முழங்கால் எங்கே மடங்குகிறது, எந்தக் கல்லில் இளைப்பாறுகிறார்கள் என்பதெல்லாம் பொய்யில்லாமல் இருக்கிறது. அந்த நடையின் கணக்கு நம் உடம்பில் ஏறியிருப்பதால், மூட்டை பள்ளத்தில் உருண்டு பிரிந்து சிதறும்போது ஒரு வாழ்நாள் சேமிப்பு சிதறுகிறது. கடைசியில் ரங்கசாமி, தான் ஒரு காலத்தில் வாங்கிய நிலத்திலேயே காற்றாலைக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால்வாளி சுமந்தவர்களின் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டாம்.

ஐயா கரும்பலகையில் போட்ட கணக்கு உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மரத்துக்கு 25 விநாடி. விநாடிக்கு 24 பிரேம், ஆக 600. அடிக்கு 40 பிரேம் என்றால் 15 அடி. பழைய வெட்டுக்கோட்டில் உறைந்திருக்கும் கோட்டுப்பாலை இழுத்துக் கூடையில் போட்டு, மங்கைத் துடைத்து, உளியை வைத்து ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் போகாமல் சீவி, பால் கோட்டில் ஓடி மங்கில் விழும்வரை வெட்டில்லாத ஒரே ஷாட். உளி கட்டையில் பட்டால் காயம்; பட்டை திரும்ப வளரும்போது முண்டும் முடிச்சுமாகும், அதில் மறுபடி சீவ முடியாது. 25 விநாடிக்குள் அவ்வளவு கவனம், பிறகு அடுத்த மரம், இப்படி ஏறத்தாழ 500. அந்த 15 அடியை யாராவது எடுக்க வேண்டும் என்றார். அப்போதைய கலர் பிலிமுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும்; விடியுமுன் நடக்கும் வேலையை உச்சி வெயிலில் எடுத்தார்கள். அந்த நேரத்தில் பால் நின்றே போயிருக்கும்.

இன்று இருட்டு ஒரு தடையில்லை. நாம்தான் அங்கே இல்லை. படித்தோம், புறப்பட்டோம். கித்தாக் காடு என்ற ரப்பர் தோட்டம் செம்பனை என்ற எண்ணெய்ப்பனைத் தோட்டமாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிவிட்டது. விடுமுறையில் போய்ப் பார்த்தவர்களிடம் ஐயா கடைசி வரை கேட்டது, "யாராச்சும் எடுத்தீங்களா?" என்றுதான். எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறோம், ஒவ்வொருவரும்.

சிறுதோட்டங்களில் இன்னும் பால்மரம் நிற்கிறது. இலையுதிரும் பிப்ரவரி, மார்ச்சில் போக வேண்டாம், பால் குறைவு. முதல் நாள் இரவு மழை பெய்திருந்தாலும் பயனில்லை, ஈரப் பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும். சீவுபவர் இடமிருந்து வலமாக நகர்வார். அவருக்கு இடப்பக்கம், உளியின் உயரத்தில் போனைப் பிடியுங்கள். உளி கடந்த கோட்டில் பால் துளிர்ப்பது தெரியும். வலப்பக்கம் நின்றால் முழங்கை மறைக்கும். போன் விளக்கு வேண்டாம், அவர் நெற்றி விளக்கு போதும். அந்த விளக்கு அசைய அசைய போகஸ் அலையும், ஆகவே போகஸையும் வெளிச்ச அளவையும் முதலிலேயே பூட்டிவிடுங்கள். அவர் அடுத்த மரத்துக்கு நடக்கும்வரை நிறுத்த வேண்டாம். இடுப்பில் தொங்கும் கொசுவத்தியின் புகையும் வரட்டும். நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அனுப்பும்போது சீவியவரின் பெயரையும் மரவரிசையின் நிரை எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள்.