சென்னையில் அறுபதைத் தாண்டியவர்களின் உழைப்பைக் கணக்கெடுப்பது

சென்னையில் வயதானவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கப் போகிறவர் முதலில் அவர்கள் சொல்லும் வயதைச் சந்தேகப்பட வேண்டும். முதியோர் ஓய்வூதியம் வாங்க அறுபது நிறைந்திருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது. அதனால் ஐம்பத்தாறுக்காரர் அறுபது என்பார். தனியார் பாதுகாப்பு முகமைகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டமோ 65 வயதை எட்டியவரைக் காவலராக வைக்கக் கூடாது என்கிறது. அதனால் அறுபத்தெட்டு வயது வாட்ச்மேன் ஐம்பத்தெட்டு என்பார். ஆதாரைப் பார்த்தாலும் பலருக்கு ஜனவரி 1 என்றோ, வெறும் ஆண்டு மட்டுமோதான் இருக்கும். அதுவும் வாய்மொழியாகச் சொல்லி எழுதியதே. கடைசியில் அட்டவணையில் 60, 65, 70 என்ற எண்களில் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். அண்ணா இறந்த 1969இல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாரா, எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பரில் மூத்த பிள்ளை எத்தனையாவது படித்தது என்று கேட்டால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அட்டையில் உள்ள வயதை அழிக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் எழுதுவதே நல்லது.

அடுத்த சிக்கல், பதில் சொல்வது யார் என்பது. வீட்டில் ஒருவரே எல்லாருக்கும் பதில் சொல்லிவிடுவார். "ஆயாவா? அது வீட்டுலதான் இருக்குது" என்று மருமகள் சொல்லும்போதே ஆயா பின்னறையில் பூ கட்டிக்கொண்டிருப்பார். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அந்த வாரத்துக்கு அவர் உழைப்பவர்தான். வரையறை தாராளமானது, கேட்கிற விதம்தான் கஞ்சம். மருமகள் விற்கும் பூவை ஆயா சம்பளமில்லாமல் கட்டினால் படிவத்தில் போட வேண்டிய குறியீடு 21 (குடும்பத் தொழிலில் சம்பளமில்லா உதவியாளர்). கிலோவுக்கு இவ்வளவு கூலி என்று வெளி வியாபாரிக்குக் கட்டிக் கொடுத்தால் 11 (சொந்தமாகத் தொழில் செய்பவர்). ஆனால் விசாரிக்காமல் வருகிற கணக்கெடுப்பாளர் 92 (வீட்டு வேலை) அல்லது 94 (ஓய்வூதியம் பெறுபவர்) என்று போட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

"வேலைக்குப் போறீங்களா?" என்று தொடங்கவே கூடாது. "நேத்து காலையில எந்திரிச்சதும் என்னம்மா பண்ணீங்க, அப்புறம்?" என்று போனால் பூவும் வரும், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விட்டதும் வரும். ஓய்வூதியக் கேள்வி கடைசியில் இருக்கட்டும். ஆதரவற்றவர் என்று எழுதிக்கொடுத்துத்தான் அந்தப் பணம் வருகிறது. தாலுகா ஆபீஸிலிருந்து வந்தவர் என்று நினைத்துவிட்டால் வருமானம் முழுக்க மறைந்துவிடும்.

நேரக் கணக்கில் அதிகம் ஏமாற்றுவது இரவு ஷிப்ட். தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் (2019, பிறகு 2024) ஒரு நாள் என்பது அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை, அரை அரை மணியாக. இரவு 8 முதல் காலை 8 வரை நிற்கும் காவலரிடம் "நேத்து எப்போ டூட்டிக்குப் போனீங்க?" என்று மட்டும் கேட்டால் 8 மணி நேரம்தான் பதிவாகும். காலை 4 முதல் 8 வரை முந்தைய ஷிப்டின் வால் இருக்கிறதே, அது விடுபடும். வார விடுமுறை இல்லாதவருக்கு வாரம் 84 மணி நேரம் என்பது 56 ஆகிவிடும். ஆள் வராததால் சேர்த்துப் பார்த்த டபுள் டூட்டியைத் தனியாகக் கேட்காவிட்டால் அதுவும் போச்சு.

சுயதொழில் வருமானத்தை ஒரே எண்ணாகக் கேட்டால் கிடைப்பது கல்லாவில் விழுந்த பணம். பூ விற்பவர் என்றால், கோயம்பேட்டுச் சந்தையில் எத்தனை கிலோ உதிரிப் பூ வாங்கினார், என்ன விலை, ஷேர் ஆட்டோவுக்கு எவ்வளவு, எத்தனை முழம் விற்றது, எவ்வளவு வாடிப் போனது என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். தண்டல் (வட்டியை முன்பே பிடித்துக்கொண்டு, நாள்தோறும் வசூலிக்கும் கடன்) வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் மாறும். 10,000 ரூபாய்த் தண்டலில் கைக்கு 8,500 வந்து, நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்டுகிறார் என்றால், அந்த நூறில் பதினைந்து வட்டி, மீதி அசல். முழு நூறையும் செலவில் எழுதினால் வியாபாரமே நஷ்டம்போலத் தெரியும்.

எந்த மாதத்தில் போனோம் என்பதும் முக்கியம். ஆடியில் கல்யாணம் இல்லை. மண்டபத்தில் காய் நறுக்கி, பாத்திரம் கழுவும் வயதான பெண்கள் அந்த ஏழு நாளில் வீட்டில் இருப்பார்கள். ஆவணியில் அதே பெண்கள் ஆளே கிடைக்காத அளவுக்கு ஓடுவார்கள். ஒரே ஒருமுறைதான் போக முடியும் என்றால், கடந்த ஓராண்டில் செய்த வேலை பற்றிய கேள்வியைச் சித்திரை, வைகாசி என்று மாதம் மாதமாக நிறுத்திக் கேட்க வேண்டும். மொத்தம் 30 நாள் சேர்ந்தாலே, தொழிலாளர் கணக்கெடுப்பில் துணை வேலை (ஆண்டில் சிறிது காலமே செய்த வேலை) என்ற கட்டத்தில் வந்துவிடுகிறார்கள்.