கல் சூடேறும் வரை

ஜனவரி 8

அக்காவை வீட்டுக்கு அனுப்புவது பற்றிக் கண்டியிலிருந்து இன்னும் அழைப்பு வரவில்லை. மாலையில் பீட்சாவுக்கு மா பிசைந்து வைத்தேன்.

ஜனவரி 9

இரவு முழுவதும் மூடி வைத்திருந்த மா, விடிந்தபோது சிறிதளவே பொங்கியிருந்தது. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,868 மீற்றர். காற்றழுத்தம் குறைவு என்பதால் மாவுக்குள் உண்டாகும் வாயு எளிதில் விரியும் என்றாலும், புல்லில் உறைபனி படியும் இந்த மாதத்துக் குளிர் ஈஸ்டை அடக்கிவிடுகிறது. அவசரத்துக்காக ஈஸ்டைக் கூட்டுவதற்கு எனக்கு விருப்பமில்லை. மெதுவாகப் புளித்த மாவில்தான் மணமும் சுவையும் சேருகின்றன. 500 கிராம் கோதுமை மாவுக்கு 325 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டிருக்கிறேன். நாளை வரை அப்படியே இருக்கட்டும். நாளைக்குள் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஜனவரி 10

சொல்லவில்லை.

ஓவனின் விளக்கு 250 பாகையில் அணைந்ததும் பீட்சாவை உள்ளே தள்ளிவிடக் கூடாது. அப்போது சூடாகியிருப்பது உள்ளே இருக்கும் காற்றுத்தான். பீட்சாவை வைத்துச் சுடும் கல் வெப்பத்தை மிக மெதுவாகவே வாங்கிக்கொள்ளும். முக்கால் மணித்தியாலமாவது விடவேண்டும், தடித்த கல்லென்றால் ஒரு மணித்தியாலம். நாப்போலியின் விறகுப் போறணையில் 400 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் 60 முதல் 90 வினாடிகளில் பீட்சா வெந்துவிடுகிறது. வீட்டு ஓவனுக்கு அந்த வலிமை கிடையாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்வது கல்தான்: சேர்த்து வைத்த வெப்பத்தை நேரே அடிமாவுக்குக் கொடுத்து, அதன் ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. அக்கா எப்போதும் துண்டைத் திருப்பி அடியைத்தான் முதலில் பார்ப்பாள். வெளிறியிருந்தால் விளிம்பை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள்.

ஜனவரி 11

இன்று எதையும் சுடவில்லை.

ஜனவரி 12

சந்தையில் அருமையான லீக்ஸ் கிடைத்தது. மெல்லியதாக அரிந்து, நீர் வற்றும்வரை வதக்கிய பிறகே மாவின்மேல் பரப்பினேன். பச்சையாகப் போட்டால் அதன் நீர் இறங்கி, நடுப்பகுதி நனைந்து தொய்ந்துவிடும். பலகையில் ரவை தூவியிருந்ததால் மா ஒட்டாமல் வழுக்கிக் கல்லில் இறங்கியது. அடியில் பொன்னிறப் புள்ளிகள்! இவ்வளவு மகிழ்ச்சி இந்த வாரத்தில் வேறெதிலும் கிடைக்கவில்லை. கல்லில் படிந்த கறுப்புக் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டுமா என்று தம்பி கேட்டான், நான் விடவில்லை. நுண்துளைகள் சவர்க்காரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சூடான கல்லில் குளிர்ந்த நீர் பட்டால் வெடித்தே போகும். கறை இருந்துவிட்டுப் போகட்டும். ஆறிய பின் சுரண்டினால் போதும்.

அக்காவுக்கு அடியைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

ஜனவரி 13

நாளை காலை எட்டரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாவை உருண்டைகளாக்கி, காய்ந்துபோகாமல் ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டேன். அக்காவை நாளையே வீட்டுக்கு அனுப்பினால், அவள் வந்து உட்காரும்போது கல் முழுமையாகச் சூடேறியிருக்க வேண்டும். நாங்கள் கண்டியிலிருந்து புறப்பட்டு ரம்பொடையைத் தாண்டியதும் அழைப்பேன், உடனே ஓவனைப் போட்டுவிடு என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.