காற்றாலையும் மீன் காதும்

கியர்பாக்ஸ் அதிர்வை அளந்து எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்வது என் பிழைப்பு. கடல் காற்றாலைகளால் மீனுக்கு என்ன ஆகிறது என்று பேச்சு வந்தால் மற்றவர்கள் இறக்கையைப் பார்ப்பார்கள். என் கண் நேராக அதற்குப் பின்னாலிருக்கும் பெட்டிக்குப் போகும். இறக்கையின் இரைச்சல் பெரும்பாலும் கடல் பரப்பில் பட்டுத் தெறித்துக் காற்றோடு போய்விடும். தண்ணீருக்குள் இறங்குவது கியர் பல்லோடு பல் கடிபடும் அதிர்வு. அது கோபுரம் வழியாக வந்து, அதைத் தாங்கக் கடலடியில் புதைத்த இரும்புக் குழாயை உலுக்கி, சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே விடாத உறுமலாகப் பரவுகிறது.

குளிர்கடல்களில் வாழும் காட் மீனுக்கு நன்றாகக் காது கேட்பதும் அந்த எல்லைக்குள்தான். முட்டையிடும் பருவத்தில் ஆண் காட் தன் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து முனகும். அதுவும் அதே தாழ்ந்த ஒலி. உறுமலில் முனகல் மூழ்கினால் மீன் சாகாது. ஆனால் துணைக்குக் குரல் எட்டும் தூரம் சுருங்கிவிடும்.

எனக்கு உறுத்துவது அளக்கும் முறை. அறிக்கைகளில் டெசிபல் வரிசையாக இருக்கும்; எல்லாம் ஹைட்ரோஃபோன், அதாவது தண்ணீருக்குள் இறக்கும் மைக், பதிந்த அழுத்தம். மீனின் உடலோ தண்ணீரின் அடர்த்திதான், ஏறக்குறைய. ஒலி வந்தால் தண்ணீரோடு அதுவும் ஆடும். தலைக்குள் இருக்கும் சுண்ணாம்புச் செவிக்கல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அடர்த்தி என்பதால் ஒரு கணம் பின்தங்கும். அதில் கல்லை ஒட்டிய நுண்மயிர்கள் வளையும், மீனுக்குக் கேட்கும். முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். அதிர்வை அளக்கக் காந்தம் வைத்து நான் ஒட்டும் ஆக்சிலரோமீட்டருக்குள்ளும் இதே ஏற்பாடுதான்!

ஆக, மீன் முதலில் உணர்வது அசைவை. காற்றுப்பை இருந்தால் அழுத்தமும் கொஞ்சம் தெரியும். மத்தியின் இனத்தாருக்கு அந்தப் பை காதோடு இணைந்திருப்பதால் சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை கேட்கும். மணலில் படுத்துக் கிடக்கும் தட்டைமீனுக்கோ பையே கிடையாது. அதன் கடலை டெசிபலில் மட்டும் எழுதி என்ன பயன்?

குழாயை அடித்து இறக்கும்போது இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு குழாய்க்கு ஆயிரக்கணக்கான சம்மட்டி அடிகள். மிக அருகில் இருக்கும் மீனின் காற்றுப்பை கிழியலாம். ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் ஓர் அடிக்கு 160 டெசிபல்தான் உச்சவரம்பு. அதற்காகக் கடலடியில் துளையிட்ட குழாயை வட்டமாகக் கிடத்தி, காற்றடித்துக் குமிழித் திரை எழுப்புகிறார்கள். நல்ல உத்திதான், ஆனால் அந்த வரம்பு முக்கியமாக டால்பின் போன்ற கடற்பன்றியை நினைத்து வைத்தது. அதிர்வில் ஒரு பங்கு மண் வழியாகத் திரைக்கு அடியிலேயே போய்விடுகிறது. அங்கே படுத்திருப்பது யார்? தட்டைமீன்.

ஓடும் காற்றாலையைப் பற்றி இவ்வளவு பதற்றம் எனக்கில்லை. மீன் நிரந்தரமாக விலகுவது சுமார் 4 மீட்டருக்குள், அதுவும் காற்று வினாடிக்கு 13 மீட்டரைத் தாண்டும்போதுதான் என்று 2005இல் ஒரு மதிப்பீடு வந்தது. சுவீடனின் லில்கிரண்ட் காற்றாலைப் பண்ணையில் காட் மீன்கள் தூண்களைச் சுற்றியே கூடின. ஆனால் ‘மீனே வந்து தங்குகிறது, அப்புறம் என்ன?’ என்று சிலர் முடித்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. தூணடியில் இரையும் ஒதுங்க இடமும் இருக்கின்றன. அதற்காக இரைச்சலைப் பொறுத்துக்கொள்ளலாம். நார்வேயில் காட் குஞ்சுகளுக்கு 100 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கவிட்டபோது அவை ஒலி வந்த பக்கமே திரும்பி நீந்தின. அது நல்லதா கெட்டதா என்று தூணடியில் தலைகளை எண்ணிச் சொல்லிவிட முடியாது.

டென்மார்க்கின் விண்டெபியில் 1991இல் நிறுவியவை 450 கிலோவாட் காற்றாலைகள். இன்றைக்கு 15 மெகாவாட். அவற்றில் பலவும் கியர்பாக்ஸே இல்லாத டைரக்ட் டிரைவ், அதாவது என் பிழைப்புக்கு வேட்டு. ஆனால் பல் கடிபடும் ஒலி போனாலும் ஜெனரேட்டரின் ரீங்காரம் இருக்கத்தான் செய்யும். புதிய பண்ணைகளில் ஹைட்ரோஃபோனோடு அசைவை அளக்கும் கருவியையும் முதல் நாளிலிருந்தே இறக்குங்கள், கடல் மண்ணிலும் ஒன்று வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.