அப்பாவின் விலாவில் பழைய குடித்தனக்காரர்

போன வாரம் அப்பாவுக்கு அக்கி. விலாவில் ஒரு பக்கம் மட்டும், பட்டை கட்டினாற்போலக் கொப்புளங்கள். "அண்ணனைக் குயவர்கிட்ட கூட்டிட்டுப் போய் அக்கி எழுதிட்டு வா" என்று அத்தை போனில் ஒரே பிடிவாதம். டாக்டர் கேட்டது வேறு: "சின்ன வயசுல சின்னம்மை போட்டுச்சா?"

போட்டிருக்கிறது, ஏழு வயதில்.

சின்னம்மைக்கும் அக்கிக்கும் காரணம் ஒரே வைரஸ்தான். இதனிடம் இருப்பது நம்மைப் போலவே இரட்டை இழை டி.என்.ஏ., சுமார் 1,25,000 எழுத்து ஜோடிகள். அம்மை இறங்கியதும் முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுக்குள் போய், நகலெடுக்காமல் சும்மா படுத்துக்கொள்கிறது. உடம்பின் எதிர்ப்பு தளர்ந்தால் எழுந்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு வருகிறது. அதனால்தான் பட்டை.

ஃப்ளூவுக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அதனிடம் டி.என்.ஏ.வுக்குப் பதில் 8 துண்டு ஆர்.என்.ஏ., நகலில் பிழை திருத்த ஆளில்லை, வருஷா வருஷம் முகம் மாறும். எச்.ஐ.வி. பெரிய கில்லாடி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகத் திருப்பி எழுதி நம் மரபணுவிலேயே செருகிவிடும். இப்படித் திருப்பி எழுதும் நொதியை வேறு வைரஸ்களில் 1970-இல் விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தபோது, டி.என்.ஏ.விலிருந்துதான் ஆர்.என்.ஏ. எழுதப்படும் என்று நம்பியிருந்த பலர் வாயடைத்துப் போனார்கள்.

அப்பாவுக்குக் கொடுத்த மருந்து அசைக்ளோவிர். டி.என்.ஏ. எழுத்து மாதிரியே இருக்கும் ஒரு போலி. வைரஸ் நகலெடுக்கும்போது அதை எடுத்துக் கோர்த்தால் சங்கிலி அங்கேயே நின்றுவிடும்.

அத்தையிடம் இதை விளக்கினேன். "சரி, அதுவும் எழுதுறதுதானே" என்றார்.