ஆனி பிறப்பதற்குள் ஒரு வீடு

ஜூன் 2, 2024

காலையிலிருந்து நாலு வீடு பார்த்தாயிற்று. மதுரையில் வாடகைக்கு வீடு இல்லாமல் இல்லை. மூன்று பெண்பிள்ளைகளுக்கு, அதுவும் பின்னால் அப்பா அம்மா நிற்காத பிள்ளைகளுக்குத்தான் இல்லை. புதூரில் ஒருவர் அட்வான்ஸ் வரை பேசிவிட்டு, "சொந்த ஊரு எது? அங்க யாரு இருக்கா?" என்றார். ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியில் வீடு போயிற்று.

மூன்று பேருமே சின்ன வயதில் கடத்தலில் சிக்கி மீட்கப்பட்டவர்கள். அவர்களுக்குத் துணை நிற்பது என் வேலை. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். "வேலைக்குப் போறோம், அக்கா எங்களுக்குக் கார்டியன்." அவ்வளவுதான். மேலே கேட்டால் எழுந்து வந்துவிடுவது. இந்தக் குறிப்பிலும் அதே கணக்கு. பெயர் எழுத மாட்டேன், மீட்ட ஊரை எழுத மாட்டேன். பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள்.

சாயங்காலம் ஆனையூர் பக்கம் ஒரு மாடி வீடு. வாடகை 6,500. வீட்டுக்கார அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "ஆனியில அடி எடுத்து வைக்கக் கூடாதும்மா. வைகாசி முடியறதுக்குள்ள வந்துருவீங்களா?" எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. "வந்துருவோம்மா" என்றேன்.

ஜூன் 12

குடிவந்தாயிற்று. பால் பொங்கி வரும்போது சின்னவள் ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டாள், வீணாகப் போகிறதே என்று. மற்ற இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ராத்திரி 9.10க்கு சின்னவளிடமிருந்து போன். "அக்கா, லைட்ட அணைக்கலாமா?"

"தூக்கம் வந்தா அணைச்சுக்கோ."

"வரலக்கா. மணி ஒம்போது ஆயிருச்சு, அதான்."

ஏழு வருடம் குழந்தைகள் இல்லத்தில் மணியடித்துத் தூங்கி மணியடித்து எழுந்தவள். அதற்கு முன்னால் பெங்களூரில் யாரோ வீட்டில் அவர்கள் சொன்ன நேரத்துக்கு எழுந்தவள். போன மாதம் 18 முடிந்தது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி இல்லத்தில் இடம் 18 வரைக்கும்தான். அப்புறம் 'ஆஃப்டர் கேர்', அதாவது இல்லத்தை விட்டு வந்தவர்களுக்கான உதவி. அது 21 வரை, மிகவும் தேவைப்பட்டால் இன்னும் இரண்டு வருடம். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். என் பையனுக்கு 26. இன்னும் அழுக்குத்துணியை என் முன்னால்தான் போடுகிறான். அவனை யாரும் 21இல் வெளியே போகச் சொல்லவில்லை.

ஜூன் 19

வங்கி. சின்னவளின் கணக்கு மைனர் கணக்காக இருந்தது. 18 ஆனதும் புதுக் கையெழுத்து, புதுப் படம், மறுபடி கேஒய்சி எல்லாம் வேண்டும். ஆதாரில் இல்லத்து முகவரிதான் இருக்கிறது. கவுன்டரில் இருந்தவர் அதை உரக்கப் படித்துவிட்டு, "ஓ, ஹோம் பிள்ளையா?" என்றார். பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர்.

கையெழுத்து மூன்று இடத்தில் மூன்று விதமாக விழுந்தது. வீட்டுக்கு வந்து காலண்டர் தாளின் பின்பக்கம் பூராவும் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

முகவரி மாற்ற வாடகை ஒப்பந்தம் வேண்டும். அது பெரியவள் பெயரில் மட்டும் இருக்கிறது. மூன்று பெயரிலும் போட்டிருக்க வேண்டும். என் தப்புதான்.

ஜூலை 5

இன்று பெரியவளைத் திட்டிவிட்டேன். ராத்திரி பதினொன்றாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். முதல் முழு மாதச் சம்பளம் 9,500, கையில் ரொக்கமாக. அதில் 5,200க்கு வெள்ளிக் கொலுசு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள். கேஸ் புக் பண்ண வேண்டும், அரிசி வாங்க வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமா சேத்து வைக்கக் கூடாதா? பின்னால ஒன் கல்யாணங்காச்சின்னு வந்தா மொத்தமா இருக்கும்ல?" என்றேன்.

அவள் முகம் அப்படியே மாறிவிட்டது. "இதத்தாங்க்கா அந்த ஏஜென்டும் சொன்னாரு" என்றாள்.

பதினாலு வயதில் அவளை நூல் மில்லுக்குக் கூட்டிப் போனவர் வீட்டில் சொன்னது அச்சு அசல் அதேதான். மூன்று வருடம் விடுதியிலேயே தங்கி வேலை பார்த்தால், கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அதற்கு சுமங்கலித் திட்டம் என்று பெயர் வேறு. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து மில்களில் இப்படிப் போன பிள்ளைகள் எத்தனையோ. இவளுக்கு மூன்று வருடம் முடிய நாலு மாதம் இருக்கும்போது உடம்பு முடியாமல் போயிற்று. முழுக்காலம் முடிக்கவில்லை என்று பணம் கிடையாது.

ஆகவே சேமிப்பு என்றால் அவளுக்குக் காதில் விழுவது இதுதான்: உன் காசு உன்னிடம் இல்லை. கொலுசு காலில் இருக்கிறது, யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. பணம் கையாள்வது பற்றி நாங்கள் நடத்துகிற வகுப்பில் முதல் பாடமே சேமிப்புதான். நான்தான் தயாரித்தேன்.

இன்னொன்றும் தோன்றுகிறது. மில்லிலிருந்து மீட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்கு நாங்கள் முதலில் கொடுத்தது தையல் பயிற்சி. ஆறு மாதம் வாயைத் திறக்காமல் தைத்தாள். பிடிக்கவில்லை என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்பது எங்களுக்கும் தெரியவில்லை.

ஜூலை 17

ஆடி பிறந்துவிட்டது. நடுவுள்ளவளுக்கு நேற்று கோர்ட். ஐந்து மணி நேரப் பஸ். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டம் இந்த மாதம் 1ஆம் தேதி அமலுக்கு வந்தாலும், அவள் வழக்கு பழைய சட்டத்தின் 370இலேயேதான், ஆள் கடத்தல் பிரிவிலேயேதான் நடக்கும். குற்றம் சாட்டப்பட்ட பெண்மணி ஜாமீனில் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நான் நடுவில் போய் நின்று மறைத்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, வாய்தா.

கடத்தப்பட்ட குழந்தைகள் தங்கள் ஊரிலிருந்தே காணொலியில் சாட்சி சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் நடைமுறை வகுத்தது. அப்போது இவளுக்கு 17. காணொலிக்குக் கேட்டுப் பார்த்தோம். "இப்ப மேஜர் ஆயிட்டாங்களே மேடம்" என்று பதில். வழக்கைத் தள்ளித் தள்ளி வயதை ஏற்றிவிட்டு, அப்புறம் வயதைக் காரணம் சொல்கிறார்கள்.

கடையில் லீவு கேட்க 'அத்தைக்கு உடம்பு சரியில்லை' என்று சொல்லியிருந்தாள். அடுத்த வாய்தாவுக்கு அந்த அத்தை என்ன ஆவாள் என்று திரும்பி வரும்போது அவளே கேட்டுச் சிரித்தாள். மேலூரில் இறங்கி இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். அதற்கப்புறம் வீடு வரைக்கும் பேசவில்லை.

ஜூலை 28

சின்னவளுக்கு வியாழக்கிழமை ராத்திரி காய்ச்சல். மற்ற இருவரும் ஆட்டோ பிடித்து அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், ஊசி போட்டு, விடியற்காலையில் திரும்பியிருக்கிறார்கள். எனக்கு இன்றுதான் சொல்கிறார்கள். "ஏண்டி, எனக்கு ஒரு போன் பண்ணக் கூடாதா?" என்றேன். "நீங்க தூங்கிருப்பீங்கன்னு..."

கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இதற்காகத்தானே இத்தனை பாடும் என்று வீட்டுக்கு வந்தபிறகுதான் தோன்றியது. தோன்றியும் வருத்தம் முழுசாகப் போகவில்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. மத்தியானம் சாப்பிட வரச் சொல்லியிருந்தார்கள். பழக்கதோஷத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். "தட்டிட்டு வாங்கக்கா" என்றாள் நடுவுள்ளவள். சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது, நான் கோபிப்பேன் என்று. வெளியே போய்த் தட்டிவிட்டு வந்தேன்.

புளியோதரையும் தேங்காய்ச் சாதமும் செய்திருந்தார்கள். புளியோதரையில் உப்பு கூடுதல். பெரியவளுக்கு நவம்பரில் 21 முடிகிறது, அவளுடைய 4,000 நின்றுவிடும். இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கக் கேட்டு எழுதப்போகிறேன். அதை நம்பி உட்கார முடியாது என்றும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, இந்த ஆர்.டி.ங்கறாங்களே, அது எத்தன வருஷம்?"

"தபாலாபீஸ்ல அஞ்சு வருஷம். மாசம் நூறு ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம்."

"அஞ்சு வருஷமா? வேணாங்க்கா. கேட்ட அன்னைக்கே குடுக்கற மாதிரி ஏதாவது சொல்லுங்க."

சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போடலாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"திங்கக்கிழமை ஆயிரம் போடுறேன். செவ்வாக்கிழமை போய் எடுத்துப் பாக்கணும், குடுக்கறாங்களான்னு."