அப்பாவின் வம்சாவளி ஏட்டில் மகளின் பெயர்

என் தோழியின் பெற்றோர் லாஸ் ஏஞ்சலிஸின் கொரியா டவுனை ஒட்டிய தெருவொன்றில் நெடுங்காலம் டிரை கிளீனிங் கடை நடத்தினார்கள். அமெரிக்கா 1965இல் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கிய பிறகு வந்து சேர்ந்த பல கொரியக் குடும்பங்களைப் போலவே, ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாமல் போனதால், கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்தால் ஓடிவிடக்கூடிய ஒரு தொழிலை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது. எனவே பத்து வயது முதலே கட்டட உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசியதும், வரி அலுவலகக் கடிதங்களைப் பிரித்துப் படித்ததும், அப்பா கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

1992 ஏப்ரல் 29 அன்று, ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த காவலர்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டதைத் தொடர்ந்து நகரில் கலவரம் மூண்டது. கொரியர்களின் கடைகள் மட்டுமே இரண்டாயிரத்துக்கும் மேல் சூறையாடப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. தோழியின் பெற்றோரது கடை எரியவில்லை. ஆனால் உள்ளே தொங்கிய துணிகள் போய்விட்டன. அவை அனைத்தும் பிறருடைய துணிகள். அடுத்த வாரம் முழுவதும் அவள் ரசீதுகளின் அடிக்கட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, நீல நிறக் கோட்டு, இரண்டு பட்டுச் சட்டைகள், ஒரு மணப்பெண் உடை என்று ஒவ்வொன்றையும் உரியவர் பெயரோடு பட்டியலிட்டாள். அம்மா அருகில் அமர்ந்து, எந்தத் துணியில் எங்கே கறை இருந்தது என்பதைக்கூட நினைவிலிருந்து சொன்னாராம். அந்தக் குடும்பத்தின் அமெரிக்க வாழ்க்கை எந்தக் காகிதத்தில் பதிவாகியிருந்தாலும், அது அவள் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அப்பாவின் அலமாரியில் இருக்கும் குல வம்சாவளி ஏட்டில் அவள் இல்லை. சீன எழுத்துகளில் அச்சிடப்பட்ட அத்தகைய ஏடுகளில் மகன்கள் தலைமுறை தலைமுறையாக வரிசைப்படுத்தப்படுவார்கள். மகள் இருக்கவேண்டிய இடத்தில் மருமகனின் பெயரை எழுதுவது பழைய வழக்கம். சட்டமும் அப்படியே இருந்தது. மணமான பெண்ணைத் தந்தையின் குடும்பப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கணவன் வீட்டுப் பதிவேட்டில் சேர்க்கும் முறை, தென் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றத்தின் 2005ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, 2008 ஜனவரி 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது. குல நிலத்தை விற்ற பணத்தில் ஆண்களுக்கு இணையான பங்கு கிடைக்காத யோங்கின் யீ குலத்துப் பெண்கள் தொடுத்த வழக்கில், வயது வந்த பெண்களும் குலத்தின் உறுப்பினர்களே என்று உச்ச நீதிமன்றம் அறிவித்ததும் அதே 2005இல்தான். பிறந்த வீட்டுக்கு எதிராகவே நீதிமன்றப் படியேறிய அந்தப் பெண்களை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவிருந்ததாக நான் கருதவில்லை. குழந்தை பெற்ற பெண்ணுக்குக் கொரியர்கள் வாரக்கணக்கில் கடற்பாசி சூப் கொடுப்பார்கள். பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதே சூப்தான். தோழிக்கு மகள் பிறந்தபோது, நாள் முழுவதும் கடையில் நின்ற அம்மா, இரவில் உலர்ந்த பாசியை ஊறவைத்து, மாட்டிறைச்சியோடு நல்லெண்ணெயில் வதக்கிக் கொதிக்கவிட்டு, விடியுமுன் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போவார். இத்தனை அன்புக்கு நடுவிலும் ஏட்டில் பெயர் இல்லாதது அவளுக்கு வலித்தது. அந்த வலி நியாயமானது என்றே நான் சொல்வேன்.

இப்போது பல குலங்கள் புதிய பதிப்புகளில் மகள்களையும் சேர்க்கின்றன. தந்தையின் குலமும் சேர்க்கவிருப்பதாக அறிவிப்பு வந்ததும், கடையை விற்று ஓய்விலிருக்கும் அவர், யாரும் கேட்காமலேயே படிவத்தை எடுத்துத் தன் கையாலேயே நிரப்பியிருக்கிறார். மகளின் பெயரை எழுதியாயிற்று. பேத்தியின் பெயருக்கு எந்தச் சீன எழுத்துகள் பொருந்தும் என்று அவருக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம் நடக்கிறது. இருவருமே விட்டுக்கொடுப்பதாக இல்லை.